அலை ஏறுபவரைப் படம் பிடிக்கும் இளைஞர்களுக்கு

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும், சோழமண்டலக் கரையில் அலை ஒழுங்காக மடிந்து விழும் இடங்களிலெல்லாம், கையடக்கக் காமிராவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிற இளம் நண்பர்களுக்கு,



உங்கள் படங்களைச் சில வருஷங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். சென்னைக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் தொலைவில், வலையும் படகுமே வாழ்வென்றிருந்த கோவளம் மீனவர் குப்பத்தில் மூர்த்தி மேகவன் போன்றவர்கள் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பலகையின்மேல் நிற்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும், 2013 முதல் அங்கே அலைச்சறுக்கு விழா நடக்கலானதும், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்துக் கடலில் ஆசியப் போட்டியே நடந்தேறியதும் பத்திரிகைகளில் வந்த செய்திகள். ஆனால் அலையின்மேல் ஏறி நிற்கிற ஒரு பிள்ளையின் முழங்கால் எவ்விதம் மடிகிறது, கை எப்படிச் சமநிலை தேடுகிறது, கண் காலடியைப் பார்க்கிறதா அல்லது இனி மடியப்போகும் நீரைப் பார்க்கிறதா என்பவற்றையெல்லாம் எங்களைப் போன்ற கரைவாசிகளுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறவர்கள் நீங்கள்தாம். அந்த நன்றியினாலேயே இதை எழுதத் துணிகிறேன். நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றே. உங்கள் காமிராவிலுள்ள அகலக்கோண லென்ஸ் அருகாமைக்கென்றே அமைந்த கருவி. அதைத் தூரத்தில் நின்று பிரயோகிக்கும் வரையில் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி கடலில் கரைத்த பெருங்காயமாகவே போகும்.

அகலக்கோண லென்ஸ் என்றால் நிறையக் காட்டுகிற லென்ஸ் என்பது பொதுஜன அபிப்பிராயம். அது மெய்யே, ஆனால் ஒரு படச்சட்டத்துக்குள் நிறையப் பொருள்களை அடக்க வேண்டுமானால் ஒவ்வொரு பொருளையும் அது சிறுக்க வைத்தே தீர வேண்டும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கணக்காகவே சொல்லிவிடுகிறேன். பழைய 35 மி.மீ. பிலிம் அளவில் 16 மி.மீ. என்று மதிக்கத்தக்க லென்ஸ், ஏறத்தாழ உங்களிடம் இருப்பது அதுவே, 2 மீட்டர் தூரத்தில் சுமார் 3 மீட்டர் உயரமுள்ள காட்சியைத் தன்னுள் வாங்குகிறது. பலகையின்மேல் குனிந்து நிற்பவர் ஒன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், சட்டத்தில் சரிபாதியை அவரே நிறைத்துவிடுகிறார். அதே மனிதரை 20 மீட்டருக்கு அப்பாலிருந்து அதே லென்ஸால் எடுத்தால் காட்சியின் உயரம் 30 மீட்டராகிறது. அவர் அதில் இருபதில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் வானமும் வெறும் நீரும். அவர் எவ்வளவு சாமர்த்தியமாகத் திரும்பினாலும் எவ்வளவு அழகாக விழுந்தாலும் பார்ப்பவருக்கு ஒரு கரும்புள்ளி அசைந்து மறைந்ததாகத்தான் தோன்றும். கரையிலிருந்துதான் எடுக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இருந்தால் அதற்கு உரியது நீண்ட தொலைநோக்கு லென்ஸ். அதன் அழகு வேறு வகை, அதைப்பற்றி எனக்கு எவ்விதக் குறையுமில்லை.

வேகம் என்ற உணர்ச்சியும் இந்த அருகாமையைப் பொறுத்ததே. தூரத்தில் செல்கிற பொருள் சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்கிறதே அல்லாமல் வளர்வதில்லை. அருகில் வருவதோ, கட்டை விரல் அளவாயிருந்தது ஒரு விநாடிக்குள் சட்டத்தை முட்டி நிறைத்து, பலகையின் அடிப்புறமும் அதிலிருந்து தெறிக்கும் நீரும் முகத்தில் அறைவது போல் வந்து, கடந்தும் போய்விடுகிறது. 2 மீட்டர் 1 மீட்டராகக் குறையும்போது ஆள் இரட்டிப்பாகிறார். 20 மீட்டர் 19 ஆவதில் கண்ணுக்கு யாதொரு பேதமும் தெரியாது. ஆகையால் அகலக்கோண லென்ஸை ஏந்துகிறவனுக்கு ஒரு முழ தூரம்கூட அற்பமன்று.

இந்தக் கலையின் பூர்வ கதையைச் சற்று ஆற அமர நோக்கினால், இதை வளர்த்தவர்கள் எல்லாரும் முதலில் கடலில் பழகியவர்கள், பிறகே காமிராவைத் தொட்டவர்கள் என்பது விளங்கும். 1929 வாக்கில் டாம் பிளேக் என்ற அமெரிக்க அலைச்சறுக்கு வீரர், நீச்சலில் உலகப் புகழ் பெற்ற ஹவாய்த் தீவினரான டியூக் கஹானமோக்குவிடமிருந்து ஒரு காமிராவை வாங்கி, நீர் புகாத பெட்டி ஒன்றைத் தாமே அதற்குச் செய்து, வைக்கிக்கிக் கடலில் தம் சகாக்களுக்கு நடுவிலிருந்தே படம் பிடித்தார்; 1935-இல் அப்படங்கள் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையில் வெளிவந்தபோது, கரையிலிருந்து எடுத்த படங்களையே கண்டிருந்த வாசகர்களுக்கு அலைகளின் நடுவிலிருந்து கண்ட காட்சி தரிசனமாயிற்று. அவருக்குப்பின் பட் பிரவுன். கலிபோர்னியாவில் கடற்கரைக் காவலராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். கல்லூரியில் நீச்சல் வீரர். 1953-இல் சான்டா மோனிகாவில் ஒரு பள்ளி மண்டபத்தில் 65 சென்ட் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர் காட்டிய படத்தைத்தான் வியாபார ரீதியில் திரையிடப்பட்ட முதல் அலைச்சறுக்குப் படமாகச் சொல்கிறார்கள். அவரும் தம் காமிராவுக்குப் பெட்டி செய்துகொண்டு நீந்திப்போய் எடுத்தவர்.

ஆனால் உங்களுக்கு நான் குறிப்பாக எடுத்துரைக்க விரும்புகிறவர் ஜார்ஜ் கிரீனோ. சான்டா பார்பராக் கரையில் வளர்ந்தவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் பைரன் பே அருகே குடியேறியவர். எல்லாரும் நின்றுகொண்டு சறுக்கியபோது, குட்டையான பலகையின்மேல் மண்டியிட்டே அலை ஏறியவர். 'பேரல்' என்று நீங்கள் சொல்கிற நீர்க்குழல், அதாவது அலையின் முகடு முன்னோக்கி வளைந்து விழுவதால் உள்ளே உண்டாகும் கூடு, நிற்பவனைவிட மண்டியிடுபவனுக்கே எளிதில் இடம் கொடுப்பது. அதற்குள் புகுந்து புகுந்து பழகிய அவருக்கு, தாம் கண்டதைப் பிறருக்கும் காட்டிவிட வேண்டுமென்ற தாபம் உண்டாயிற்று. 1960-களின் பிற்பகுதியில், பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட கனமுள்ள காமிராப் பெட்டியைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அகன்ற லென்ஸை முடுக்கி, அந்தக் குழலுக்குள் அவர் போனார். அவ்வளவு கனத்தோடு ஒரு தரம் தவறி விழுந்தால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1973-இல் வெளிவந்த 'கிறிஸ்டல் வாயேஜர்' படத்தின் கடைசி 23 நிமிஷங்கள் முழுவதும், பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் ஒரு நீண்ட இசையோடு, அப்படி எடுத்த காட்சிகளே ஓடுகின்றன. மனிதர் ஒருவரும் பேசுவதில்லை, தலைக்கு மேல் பச்சை நீர் கூரையாக வளைந்து, தூரத்தில் ஒரு வெளிச்ச வாயிலாகத் திறந்து, மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது. சாதாரண வேகத்தில் இரண்டு மூன்று விநாடிகளில் முடிந்துபோகிற அனுபவத்தை, விநாடிக்குப் பல மடங்கு படங்களாக எடுத்து, நிதானமாக விரித்துக் காட்டினார். இன்று உங்கள் கையில் இருப்பது ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கனம் 200 கிராமுக்குள். கிரீனோ சுமந்த பாரம் உங்களுக்கு இல்லை. அவர் போன தூரத்துக்கு நீங்களும் போகலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

நிக் உட்மன் என்ற இளைஞர் 2002-இல் ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் அலை ஏறிக்கொண்டு சுற்றியபோது, அலைமேல் இருக்கும் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ள ஒரு மணிக்கட்டுப் பட்டை வேண்டுமென்று நினைத்ததும், 2004-இல் அது பிலிம் போட்ட கோப்ரோக் காமிராவாக வெளிவந்ததும், 2009-இல் உயர்தர வீடியோக் காமிராவாக மாறி உலகமெங்கும் பரவியதும் நீங்கள் அறிந்த கதையே. தரையிலும் இதே அருகாமையை நாடியவர்கள் உண்டு. சக்கரப் பலகை ஓட்டுகிற பிள்ளைகள், 1995-இல் வந்த சோனி விஎக்ஸ்1000 காமிராவில் மீன்கண் லென்ஸை மாட்டி, தரையோடு தரையாகத் தாழ்த்திப் பிடித்து, ஓடுகிறவனுடைய பலகைக்கு ஒரு சாண் தள்ளித் தாங்களும் ஒரு பலகையில் ஓடியே எடுத்து வந்தார்கள் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். எடுப்பவனும் ஓட வேண்டும், வேறு மார்க்கமில்லை.

இனி, நீரில் இறங்கியபின் நடக்க வேண்டியதைச் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். நீச்சல் துடுப்புகளைக் காலில் மாட்டிக்கொண்டு, அலை உடையத் தொடங்குகிற இடத்துக்கு அருகே, இன்னும் உடையாத பக்கத்தில் மிதந்து நிற்கிறீர்கள். காமிராவின் முகப்புக் கண்ணாடியில் நீர்த்துளி தங்கினால் முகத்தின்மேல் ஒரு மங்கல் வட்டம் விழும். அகன்ற லென்ஸ் அந்தத் துளியையும் உள்ளபடியே காட்டிவிடும். கடலில் படம் எடுக்கும் அனுபவஸ்தர்கள் இதற்குக் கண்ட யுக்தி, முகப்புக் கண்ணாடியை நாவால் நக்கி எச்சில் படரச் செய்து, அலை நெருங்கும்போது ஒரு முக்கு முக்கி எடுப்பது. நீர் துளித்துளியாகப் பிரியாமல் மெல்லிய தகடாக வழிந்துபோகும் அந்தக் கணத்திலேயே படம் பிடித்துவிடுவார்கள். பலகைக்காரர் உங்களை நோக்கி வருகிறார். திரையைக் கண்ணால் பார்க்க அவகாசமில்லை. தேவையுமில்லை, ஏனெனில் ஓரடிக்கு அப்பாலுள்ளதெல்லாம் இந்த லென்ஸில் தெளிவாகவே விழும். கையை முழுதாக நீட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே காமிராவைப் பிடித்து, அவருடைய முகத்தை நோக்கியல்ல, இடுப்பை நோக்கிக் காட்டுங்கள். அப்போதுதான் பலகையும் தலையும் ஒருங்கே சட்டத்துள் அடங்கும். அவர் கடக்கும்போது மணிக்கட்டு அவரோடு திரும்ப வேண்டும். முகடு உங்கள் தலைமேல் மடியும் முன்பாக உடல் அலைக்கு அடியில் புகுந்துவிட வேண்டும். இவ்வளவும் இரண்டு மூன்று விநாடிக் காரியம். காமிரா இல்லாமலே இதைப் பல நாள் செய்து, மூச்சும் காலும் பழகிய பிறகு காமிராவை எடுத்துச் செல்வதே உத்தமம்.

நம் கரைக்கென்று ஒரு விசேஷம் உண்டு. கலிபோர்னியாக்காரர் எழுதிய யோசனைகளில் அது காணப்படாது. நமக்குச் சூரியன் உதிப்பது கடலில். காற்று அடங்கி நீர்ப்பரப்பு வழவழப்பாயிருக்கிற விடியற்காலையே அலைக்கு உகந்த வேளை. நடுப்பகல் நெருங்கும்போது கடற்காற்று கிளம்பி நீரைக் கலைத்துவிடுகிறது. அந்தக் காலை நேரத்தில் கரையிலிருந்து எடுத்தால் வெயில் நேரே லென்ஸில் விழுந்து, பலகைக்காரர் வெறும் நிழலுருவாகிவிடுகிறார். உங்களில் பலருடைய காலைப் படங்களில் முகம் தெரியாமைக்குக் காரணம் இதுவே; காமிராவின் தோஷமன்று. கடற்பக்கமாகச் சென்று கரையை நோக்கித் திரும்பினால் அதே வெயில் உங்களுக்குப் பின்னிருந்து அவருடைய முகத்திலும் மார்பிலும் பொன்னாகப் படிகிறது. அவருக்குப் பின்னால் தென்னைகளும் படகுகளும் உலரும் வலைகளும் ஊரும் தெரிகின்றன. அகன்ற லென்ஸ் இருப்பது அதற்காகவும்தான். படகுகளையும் வலைகளையும் ஒதுக்கிவிட்டு, உலகத்தின் எந்தக் கரையோ என்று மயங்கும்படி சட்டத்தைச் சுருக்குகிறவர்கள் சிலர் உங்களிடையே உண்டு. அவர்களுடைய உத்தேசம் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை என்பது படத்தில் இருக்க வேண்டாமா?

அருகே போகச் சொல்லும் நான் அபாயத்தைச் சொல்லாமல் விட்டால் துரோகமாகும். பலகையின் அடியிலுள்ள 'ஃபின்' என்னும் துடுப்புத் தகடு சதையைக் கிழிக்க வல்லது. விழுந்தவருடைய காலையும் பலகையையும் பிணைக்கும் 'லீஷ்' என்னும் கயிறு நீண்டு, பலகையைச் சுண்டி எறியும். ஆகவே யார் எந்தப் பக்கம் திரும்புவது, விழ நேர்ந்தால் எந்தப் பக்கம் விழுவது என்பதைக் கரையிலேயே இருவரும் பேசி முடித்துவிட்டுத்தான் நீரில் இறங்க வேண்டும். பலகையைத் தன் இஷ்டப்படி திருப்பத் தெரியாத புதியவரிடம் ஒருபோதும் 2 மீட்டருக்குள் நெருங்காதீர்கள். அவர் உங்களைக் கண்டு பயந்தே உங்கள்மேல் வந்து விழுவார். சிறு பிள்ளைகளைப் படம் எடுக்குமுன் அவர்களுடைய பெற்றோரைக் கேட்டுக்கொள்வது மரியாதை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

இன்னொன்று உண்டு, இதை உங்களிடம் மனம் விட்டுச் சொல்கிறேன். அருகில் தாழப் பிடித்த அகன்ற லென்ஸ், இடுப்பளவு அலையை ஆளை விழுங்கும் மலையாகக் காட்டவும் வல்லது. கிட்டத்திலுள்ள முகடு பெருத்து, பின்னாலுள்ள மனிதர் சிறுத்துப்போவதால் உண்டாகும் பிரமை அது. பார்க்கிறவர்களுக்குப் பரவசமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இடத்தில் இவ்வளவு பெரிய அலை வரும் என்று நம்பி ஒருவன் பலகையோடு வந்து ஏமாறலாம். அதைவிடக் கேடு, மெய்யாகவே பெரிய அலை வரும் நாளில் அதையும் படத்தில் கண்ட அலைதானே என்றெண்ணி ஒரு நீச்சல் தெரியாத பிள்ளை இறங்கிவிடலாம். ஆகையால் ஒவ்வோர் அலையிலும் ஒரு தரமாவது, பலகைக்காரர் அலையின் முகப்போடு ஒட்டி நிற்கும் நிலையில், அவருடைய உடம்பே அலைக்கு அளவுகோலாகும்படி காட்டிவிடுங்கள். தொடுவானம் சட்டத்தின் நடுவே சென்றால் நேராகவே இருக்கும். மேலே ஏறினால் குன்றுபோல் வளையும், கீழே இறங்கினால் தொட்டிபோல் குழியும். அந்த வளைவை அழகென்று கொள்வதா குறையென்று கொள்வதா என்பது உங்கள் ரசனையைப் பொறுத்தது. தெரியாமல் வளைந்துவிட்டது என்று மட்டும் இருக்கக்கூடாது.

காலத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். விநாடிக்கு 120 படங்களாக எடுத்து 24 ஆக ஓட்டினால் 6 விநாடி அலை அரை நிமிஷமாக நீள்கிறது. கண்ணால் பிடிக்க முடியாத ஒன்று அங்கே நடந்திருந்தால் அந்த நீட்சி ஒரு வரம். பலகையின் விளிம்பு நீரைக் கீறிப் புகும் விதத்தை வேறெப்படிக் காண்பது? ஆனால் முதலிலிருந்து முடிவுவரை எல்லாவற்றையும் மெதுவாக்கிவிட்டால் பார்ப்பவருக்கு எது கஷ்டம், எது சுலபம் என்ற விவேகமே போய்விடுகிறது. அலை எழுவதை முன்கூட்டிக் கண்டு, கையால் துழாவி, எழுந்து நின்று, திரும்பி, விழுவது வரைக்கும் ஓர் அலையை வெட்டாமல், அதன் சொந்த வேகத்திலேயே ஒரு தரம் காட்டுங்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிரயோஜனமான பாடம் கிடையாது. எழுந்து நிற்பதற்கு முன் நடக்கும் அந்தத் துழாவலிலேயே வித்தையில் பாதி அடங்கியிருக்கிறது, நீங்கள் வெட்டி எறிவதும் முதலில் அதையே.

பலகையின் நுனியில் காமிராவை ஒட்டித் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நான் முற்றும் வெறுக்கவில்லை. முகத்தின் சந்தோஷம் அதில் அபாரமாக விழுகிறது. எனினும் அப்படிப்பட்ட படம் ஒன்றைக் கண்டால் எல்லாவற்றையும் கண்டதாகிறது. காமிரா மனிதரோடு கட்டுண்டு கிடப்பதால் அலை எங்கே வந்தது, அவர் எவ்வளவு தூரம் போனார் என்பது விளங்குவதேயில்லை. ஒரு சிநேகிதர் நீந்திவந்து, தமக்கு வரவேண்டிய அலையை விட்டுக்கொடுத்து, இன்னொருவருடைய அலைக்குச் சாட்சியாக நிற்பதில் உள்ள ஔதார்யம் அந்தப் படத்திலும் எப்படியோ சுவறிவிடுகிறது. உங்களில் சிறந்தவர்களுடைய படங்களில் அதைக் கண்டிருக்கிறேன்.

கருவியைப் பேணுவது உங்களுக்குத் தெரிந்ததே: பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் சிக்கினாலும் நீர் புகும், வெயிலில் காய்ந்த பெட்டியை அப்படியே கடலில் முக்கினால் உள்ளே பனித்துவிடும், கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதோடு, படம் எடுத்த தேதியையும் அன்றைக்கு அடித்த காற்று வாடையா கச்சானா என்பதையும் எங்கேனும் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பலகை வருவதற்குத் தலைமுறை தலைமுறைகளுக்கு முன்பே இந்தக் கரையில் அலை ஏறிக் கரை சேர்ந்தவர்கள் கட்டுமரக்காரர்கள். சில மரங்களைக் கயிற்றால் பிணைத்து, உடைகிற அலைகளுக்கு வெளியே பொறுத்திருந்து, உகந்த அலை ஒன்றைத் தேர்ந்து, துடுப்பை ஊன்றி அதன் முதுகோடு வந்து மணலில் ஏறும் அந்த வித்தையை உங்கள் பாட்டனார்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஃபைபர் படகுகள் வந்தபின் அந்த மரங்கள் குறைந்து வருகின்றன. கரையிலிருந்து எடுத்த படங்கள் எத்தனையோ உண்டு. அலைக்குள்ளிருந்து, துடுப்புப் போடுகிறவருடைய கையும் தோளும் தெரிய எடுத்த படத்தை நான் இன்னும் காணவில்லை. அதை எடுக்கத் தக்க நீச்சலும் காமிராவும் உங்களிடம்தான் இருக்கின்றன. முன்னாள் மாலையே போய், மறுநாள் அவர் எந்த வழியாக உள்ளே வருவார், நீங்கள் எந்தப் பக்கம் மிதந்து நிற்கலாம் என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் 2 மீட்டர் வேண்டாம். 4 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மரத்தின் கனம் பெரிது. பலகையைப் போல் அதைச் சட்டென்று திருப்ப அவரால் இயலாது.

அன்புடன்,
உங்கள் படங்களின் ரசிகன்